பெறுபவரைக் கேட்காத கொடை

தமிழ்நாட்டின் 60-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை ஒகேனக்கல்லில் காவிரிக் கரையில் தொடங்கி, பென்னாகரம், தருமபுரி வழியாகத் திருப்பத்தூரை அடைகிறது. இதில் தருமபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடைப்பட்ட பகுதி சுமார் 45 கிலோமீட்டர். அதகபாடி, இண்டூர் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும் இந்த வழி, பென்னாகரத்தைத் தாண்டிச் சிறிது தொலைவில் காட்டுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து ஆற்றுக்கு இறங்குகிறது. ஆடிப்பெருக்குக்கு நீராடப் போகிறவர், அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர், அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவர், கேழ்வரகையும் புளியையும் சந்தைக்கு ஏற்றிச் செல்கிறவர், கட்டட வேலை தேடி வெளியூர் போகிறவர் என்று எல்லோரும் இதில்தான் போகிறார்கள். எதற்காகப் போகிறாய், போகத் தகுதி உண்டா என்று சாலை யாரையும் கேட்பதில்லை. இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக விவாதித்து வந்த ஒரு கேள்வி இங்கே எழுகிறது. வழி அமைத்துக் கொடுப்பது அறமா? அறமென்றால், பெறுபவர் யாரென்றே தெரியாத அந்த அறத்தின் பலன் யாரைச் சேரும்?

கேள்வி இந்த மண்ணுக்குப் புதியதன்று. தருமபுரிப் பகுதியில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கற்கள் கிடைத்துள்ளன. அவை ‘அதியமான் பெருவழி’ என்ற நெடுவழியைக் குறிப்பிட்டு, நாவல்தாவளம் என்ற வணிகத் தங்கலிடத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்று சொல்கின்றன. அவற்றுள் ஒன்றில் 29 காதம் என்று எழுத்தில் இருப்பதோடு, அதே எண்ணைக் காட்ட இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடையப்பட்டுள்ளன. எழுத்தறியாதவன் குழிகளை எண்ணிக்கொள்ளலாம். இருட்டில் வருகிறவன் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். கல்லை நட்டவர்கள், அந்த வழியே வரப்போகிறவன் படித்தவனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. வழியின் பெயரில் அரசன் இருக்கிறான். குழிகளில் யாரோ ஒரு வழிப்போக்கன் இருக்கிறான். அரசர் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்திகளோடு ஒப்பிட்டால், இந்தக் குழிகள்தான் அந்தக் காலத்து அரசியலைப் பற்றி உயர்வாக எண்ண வைக்கின்றன.

அதே அதியமான் பெயரோடு சேர்ந்து தமிழர் நினைவில் நிற்கும் கொடை வேறொன்று. சங்க காலத்து நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். அங்கே கொடுத்தவன் யார், பெற்றவர் யார், ஏன் அவருக்குக் கொடுத்தான் என்பதெல்லாம் தெளிவு. தகுதி உடைய ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் கையில் வைத்த கொடை அது. பெருவழிக் கல்லோ யார் கையிலும் வைக்கப்படவில்லை. தகடூர் என்று அன்று அழைக்கப்பட்ட தருமபுரி நாடு இந்த இருவகைக் கொடைக்கும் சான்று வைத்திருக்கிறது. சமய நூல்களில் இவ்விரண்டும் ஒன்றாக மதிக்கப்படவில்லை.

தர்ம சாஸ்திரங்களின் தானக் கொள்கை முதல் வகையைச் சுற்றி வளர்ந்தது. கொடுப்பவர், பெறுபவர், பொருள், இடம், காலம், சிரத்தை ஆகியவற்றைப் பொறுத்து பலன் கூடும் அல்லது குறையும். இவற்றுள் பெறுபவரின் தகுதிக்குத் தனி எடை உண்டு; அதனால்தான் ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பது இன்றும் ஊர் வழக்கில் இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்தால் சாலை மோசமான தானம். திருடனும் அதில் போவான். கடன் வாங்கிவிட்டு ஓடுகிறவனும் போவான். ஆனால் சாஸ்திரக்காரர்கள் கிணறு, குளம், சோலை, சத்திரம் ஆகிய பொதுக் காரியங்களை ஒதுக்கிவிடவும் இல்லை. வேள்வி முதலியவற்றை ‘இஷ்டம்’ என்றும், இவற்றைப் ‘பூர்த்தம்’ என்றும் இரண்டாகப் பிரித்தார்கள். வேள்விக்கு உரிமை இல்லாதவர்களும் பூர்த்தம் செய்யலாம் என்று ஸ்மிருதிகள் அனுமதித்தன. பெறுபவரைப் பிரிக்காத அறம், செய்பவரையும் பிரிக்காத அறமாக அமைந்தது. இஷ்டத்தால் சொர்க்கம், பூர்த்தத்தால் வீடு என்று சில ஸ்மிருதிகள் அதை உயர்த்தியும் பேசின. வணிகரும் வேளாளரும் கைம்பெண்களும் தேவதாசிகளும் தங்கள் பெயர் நிற்க விரும்பியபோது நாடியது பெரும்பாலும் பூர்த்தத்தையே. தமிழ்நாட்டுச் சத்திரக் கல்வெட்டுகள் அதைத்தான் காட்டுகின்றன.

பௌத்தம் பெறுபவரின் தகுதி பற்றிய தயக்கம் இல்லாமல் பேசியது. பாலி சம்யுத்த நிகாயத்தில் ஒரு தேவதை புத்தரிடம், யாருடைய புண்ணியம் இரவும் பகலும் வளர்கிறது என்று கேட்கிறது. சோலை வளர்ப்பவர், பாலம் கட்டுபவர், தண்ணீர்ப் பந்தலும் கிணறும் தங்கிடமும் அமைப்பவர் என்று பதில் வருகிறது. கொடுத்தவர் தூங்கும்போதும் வேறொருவர் அந்தப் பாலத்தில் நடந்துகொண்டிருக்கிறார் என்பதால் புண்ணியம் இடைவிடாமல் சேர்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அசோகர் தம் ஏழாம் தூண் கல்வெட்டில், வழியோரம் ஆலமரம் நட்டதையும் மாந்தோப்பு வைத்ததையும் கிணறு தோண்டியதையும் வரிசையாகச் சொல்கிறார். சொன்ன கையோடு, இந்த வசதிகளெல்லாம் சிறியவை, முன்னாள் அரசர்களும் செய்தவைதாம், மக்கள் தம்மத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காகவே செய்தேன் என்கிறார். பெருமையாகப் பட்டியலிட்டுவிட்டு அதை உடனே குறைத்துச் சொல்லும் அரசன் வரலாற்றில் அபூர்வம்.

சைவ சித்தாந்தம் இன்னொரு கோட்டைக் கிழித்தது. உலக நலனுக்காகச் செய்யும் அறம் பசுபுண்ணியம். சிவனை நோக்கிச் செய்வது சிவபுண்ணியம். முன்னது நல்ல உலகங்களில் இன்பம் தந்து தீர்ந்துபோகும். மீண்டும் பிறப்புக்கு இட்டுச் செல்லும். பின்னது வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதை எல்லைவரை கொண்டுபோகிறார். அன்பில்லாத தக்கனின் பெருவேள்வி தீமையாக முடிந்தது என்றும், அன்புடைய சிறுவன் தந்தைக்குச் செய்த கொடுஞ்செயல் நன்மையாக முடிந்தது என்றும் காட்டுகிறார். இந்தக் கணக்கில் சாலை பசுபுண்ணியம். எவ்வளவு நீளமானாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு.

ஆனால் பெரிய புராணத்தில் இந்தக் கோட்டைக் கடக்கும் ஒருவர் இருக்கிறார். திங்களூர் அப்பூதியடிகள் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அதற்குத் தம் பெயரை வைக்காமல், தாம் ஒருமுறையும் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை வைத்தார். பிள்ளைகளுக்கும் சாலைகளுக்கும் குளத்துக்கும் அதே பெயர். அவ்வழியே வந்த நாவுக்கரசர் பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, வைத்தவர் யாரென்று விசாரிக்கிறார். தண்ணீர் என்னவோ எல்லோருக்கும் கிடைக்கும் அதே தண்ணீர்தான். கொடுத்தவன் தன் பெயரை எடுத்துவிட்டதால் பசுபுண்ணியம் சிவபுண்ணியமாயிற்று. நாவுக்கரசரின் சொந்தத் தொண்டும் கையில் உழவாரப் படையோடு கோயில் முற்றத்திலும் வீதியிலும் புல் செதுக்கும் தொண்டு. சாலைப் பணியாளர் இன்று சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு மிக அருகில் நிற்கும் நாயனார் அவர்.

பெயரில்லாக் கொடைக்கு நாட்டார் சமயம் தந்த வடிவம் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்தால் சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர், பிறர் உதவி இல்லாமல் சுமையை அதில் இறக்கிவைத்து இளைப்பாறிவிட்டு, மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இதை நடுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் தத்தம் சுமையை இறக்கும்போதெல்லாம் ஆறுதல் கிடைக்கும் என்பது நம்பிக்கை. இங்கே கொடையின் பலன் கொடுத்தவரைக்கூட நாடவில்லை, இறந்தவளை நாடுகிறது. அவளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யாரென்றே தெரியாத விறகுக்காரியும் மோர்க்காரியும். பெறுபவரே கொடுப்பவராகிவிடும் இந்த ஏற்பாட்டைச் சாஸ்திரங்களின் தானக் கணக்கில் எங்கும் பொருத்த முடியாது. சிந்தனையில் அது எந்தத் தத்துவ நூலுக்கும் குறைந்ததன்று.

இவ்வளவையும் வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, திருக்குறளின் அமைப்பில் ஒரு தெளிவு தென்படுகிறது. ஒப்புரவறிதல், ஈகை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள். ஈகை வறியவருக்குக் கொடுப்பது. அங்கே பெறுபவர் யாரென்று வரையறுக்கப்படுகிறது. ஒப்புரவில் வரும் எடுத்துக்காட்டுகள் மழை, ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்து மரம். இவை யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, கைம்மாறும் எதிர்பார்ப்பதில்லை. சாலையின் இடம் இந்த ஒப்புரவில்தான். தானத்தின் அளவுகோலால் சாலையை அளந்து, பெறுபவர் தகுதியற்றவர் என்று குறை கண்டவர்கள் தவறான கோலை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அதே சமயம், ஒப்புரவு இல்லறத்தானின் கடமையாக அறத்துப்பாலில் வைக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். அரசன் பொருளை ஈட்டிக் காத்து வகுத்துக் கொடுப்பது பொருட்பாலில் வருகிறது. சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் தனியார் கையிலிருந்து அரசுத் துறையின் கைக்குப் போனபோது, வழி அமைத்தலும் ஒரு பாலிலிருந்து இன்னொரு பாலுக்கு இடம் மாறிவிட்டது.

அந்த இடமாற்றம் இப்பகுதியில் இனிமையாக நடக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், தருமபுரி அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்துக் கூலி தருவது அரசின் வழி. கல் உடைப்பதும் சாலை போடுவதும் அதில் முக்கியம். 1877-ல் இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்து, ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று ஆக்கினார். அது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். பசித்தவனுக்குச் சோறிடுவது ஈகை. வழி போடுவது ஒப்புரவு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, கல் உடைத்தால்தான் சோறு என்று ஆக்கியபோது இரண்டும் கெட்டன. அரசு தந்தது கூலியா பிச்சையா என்று பெற்றவருக்கே தெரியவில்லை. அப்படிப் போடப்பட்ட சாலைகளின் புண்ணியம் யாருக்கு என்று கேட்டால், எந்தச் சமயத்தின் கணக்கும் அதை டெம்பிளின் பெயரில் எழுதாது.

1946-ல் நெடுஞ்சாலைக்குத் தனித் துறை வந்தது. இன்றைய சாலை வரிப்பணத்தில் போடப்படுகிறது. வரி விரும்பிக் கொடுப்பதன்று என்பதால் அது தானம் ஆகாது. பொறியாளர் சம்பளத்துக்கு வரைகிறார். ஒப்பந்தக்காரர் லாபத்துக்குப் போடுகிறார். அமைச்சர் கல்வெட்டில் பெயர் பொறித்துத் திறக்கிறார். சேதனை, அதாவது எண்ணமே வினை என்ற பௌத்தக் கொள்கையைக் கொண்டு பார்த்தால், இந்த வரிசையில் புண்ணியத்துக்கு உரிய எண்ணம் எங்கே இருக்கிறது என்று சொல்வது கடினம். ஆனால் நோயாளியை ஏற்றிய வண்டி பென்னாகரத்திலிருந்து தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வந்து சேரத்தான் செய்கிறது. நன்மை நடந்துவிட்டது, நன்மை செய்தவர் என்று ஒருவரும் இல்லை என்ற இந்த நிலை, வினையைச் செய்தவனோடு கட்டும் எல்லாக் கொள்கைகளுக்கும் சங்கடமானது. அரசுச் சாலையின் பெயர் ஒரு எண்ணாக இருப்பது ஒருவகையில் பொருத்தமே. அப்பூதியடிகள் முயன்று அடைந்த பெயரின்மை நெடுஞ்சாலைத் துறைக்கு எந்தத் தவமும் இல்லாமல் கிடைத்துவிட்டது. சாலையோரப் புளியமரங்களிலும் இந்த இரட்டை நிலை தெரியும்: நிழல் எல்லோருக்கும், புளி ஏலம் எடுத்தவருக்கு.

சாலை தானமாகத் தொடங்காவிட்டாலும், எல்லோருக்கும் திறந்திருப்பதால் அறத்தன்மை பெறுகிறது என்று வாதிடலாம். அப்படியானால் சோதனை அங்கேதான் இருக்கிறது. 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று அரசாணை பிறக்கச் செய்தார். அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கான போராட்டமும் தொடங்கியது. பாத்திரம் அறிதல் என்ற கொள்கை நூலில் தானத்துக்குச் சொல்லப்பட்டது. ஊரில் அது தெருவுக்கும் விதிக்கப்பட்டது. செருப்போடு நடக்கக்கூடாது, சைக்கிளில் போகக்கூடாது என்ற தடைகள் அதன் வழித்தோன்றல்கள். 2012 நவம்பர் 7 அன்று, 60-ஆம் எண் சாலையின் தருமபுரி–திருப்பத்தூர்ப் பகுதியை ஒட்டிய நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைத் தொடர்ந்து சாலை மறிக்கப்பட்டது; நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. சாலையை மறிப்பது ஒரு கொடையை நிறுத்துவது மட்டுமன்று. உதவி வரும் வழியை அடைப்பதும் ஆகும்.

இதே மாவட்டத்தில் எதிர்த்திசைச் சான்றும் உண்டு. விடுதலைப் போராட்டக்காரர் சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய்க்கு ஆளானார். தொற்றுநோயாளி என்று சொல்லி அவர் ரயிலில் போகத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் சாலைவழியே ஊர் ஊராகப் போனார். பென்னாகரம் சாலைக்கு வடக்கே உள்ள பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குச் சாதி மத வேறுபாடின்றி எவரும் நுழையக்கூடிய கோயில் எழுப்ப முனைந்தார். 1923-ல் அதற்கு சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். சிவா 1925 ஜூலை 23 அன்று அவ்வூரிலேயே காலமானார். பயணச்சீட்டு வாங்க வேண்டிய வாகனம் அவரை மறுத்தது, சாலை மறுக்கவில்லை.

சாலைக்கு நிலம் வேண்டும் என்பது இந்தக் கேள்வியின் இன்னொரு பக்கம். தனக்கு நியாயமாக உரிமையான பொருளைத்தான் தானம் செய்யலாம் என்பது சாஸ்திரங்களின் பொது விதி. பிறர் நிலத்தை எடுத்துப் பொதுவழி போடுவது இதில் இடறும். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001 அறிவிப்பு, விசாரணை, இழப்பீடு என்று நடைமுறை வகுக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதி வழியாகத் திட்டமிடப்பட்ட சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையில், 2018 முதல் உழவர்கள் எதிர்த்து நின்றது இழப்பீட்டின் அளவைப் பற்றி மட்டும் அன்று. கொடுக்க மனமில்லாதவரிடமிருந்து எடுத்ததை நன்மை என்று சொல்லலாமா என்பதும் அதில் இருந்தது. நிலமெடுப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது.

சாலையை அகலப்படுத்தும்போது வழியில் நிற்கும் சாமிகளும் இந்தச் சிக்கலுக்குள் வருகிறார்கள். ஆகமக் கோயிலென்றால் பாலாலயம் செய்து, மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்திலோ சிறு உருவிலோ தற்காலிகமாக நிறுத்தி, திருப்பணி முடிந்ததும் திரும்ப நிலைநிறுத்த வழி இருக்கிறது. முனியப்பனுக்கும் எல்லைக் காவல் அம்மன்களுக்கும் ஆகமம் இல்லை. பூசாரி பூப்போட்டு உத்தரவு கேட்பார். நல்ல பூ வந்தால் சாமி இடம் மாறச் சம்மதம் என்று கொள்வார்கள். வராவிட்டால் காத்திருப்பார்கள். பொதுத்தெருவிலும் பொது இடத்திலும் புதிதாக வழிபாட்டிடம் கட்ட அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்று உத்தரவிட்டது. முன்பிருந்தே நிற்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுக்கும் பொறுப்பை மாநிலங்களுக்கு விட்டது. நிலக்காரருக்கு அறிவிப்பு அனுப்பும் அதே வேலையில் சாமியிடம் சம்மதம் கேட்கப்படுகிறது என்பது, யாருடைய விருப்பம் இங்கே மதிக்கப்படுகிறது என்பதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறது.

எஞ்சியிருப்பது தீங்கின் கணக்கு. ஒகேனக்கல் இறக்கத்தில் வண்டி கவிழ்வதும், காட்டுப் பகுதியில் யானை சாலையைக் கடப்பதும், குரங்கும் மானும் சக்கரத்தில் சிக்குவதும் புதிய செய்தியல்ல. வழி போட்டவருக்கு இதில் பங்கு உண்டா? பௌத்தம் எண்ணத்தைக் கேட்கும். கொல்லும் எண்ணம் இல்லாதவனுக்குக் கொலையின் வினை இல்லை. சமணம் இவ்வளவு எளிதில் விடாது. தமிழில் நீலகேசி இந்த விவகாரத்தில் பௌத்தரோடு நேருக்கு நேர் வாதிடுகிறது: செய்தவன் நினைக்கவில்லை என்பதால் செத்த உயிர் சாகாமல் போய்விடாது என்பது அதன் போக்கு. தகடூரில் சமணம் வேரூன்றியிருந்ததற்கு, 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில் வணிகர் கட்டிய பள்ளியைப் பற்றிய கல்வெட்டு சான்று.

சமண நூல்கள் இல்லறத்தானின் இம்சையை வகை பிரிக்கின்றன. வேண்டுமென்றே செய்வது ஒன்று. வீடு கட்டுதல், உழுதல், சமைத்தல் முதலிய காரியங்களில் தவிர்க்க முடியாமல் நேர்வது இன்னொன்று. முன்னதை அவன் முற்றாக விட வேண்டும். பின்னதைக் கவனத்தால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சாலை போடுதல் இரண்டாம் வகை. ஆகவே அமைத்தவர் குற்றவாளியும் இல்லை, முற்றிலும் விடுபட்டவரும் இல்லை. வளைவில் தடுப்புச் சுவர், யானை கடக்கும் இடத்தில் எச்சரிக்கை, வேகத்தடை ஆகியவை அவருக்கு உபரி நன்மைகள் அல்ல, தீராத கடன்கள். துறவிக்கு விதி இன்னும் கடுமை. ஈரியா சமிதி என்ற ஒழுக்கத்தின்படி அவர் பகலில் மட்டுமே, ஏற்கெனவே பலர் நடந்து பழகிய வழியில் மட்டுமே, ஒரு நுகத்தடி நீளத்துக்கு முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு, உயிர் எதுவும் காலடியில் படாதபடி நடக்க வேண்டும். வழியின் அறத்தை அமைத்தவரிடமிருந்து எடுத்து, அதில் போகிறவர் மேல் வைக்கும் விதி இது. ஓட்டுநர் உரிமம் வாங்குகிறவருக்குச் சொல்லப்படும் விதிகளும், முன்னே செல்லும் வண்டிக்கு விட வேண்டிய இடைவெளி உட்பட, அதே திசையில்தான் செல்கின்றன.